வாளியில் குறையாத பியர்

மில்லிக்கன்
தவக்காலம், சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நிரோஷினி எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் தேவ கிருபையால் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் தம்பி மாக்கஸ் பக்கத்தில் வந்து நிற்பார். வாட்ஸப்பையும் திறந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அன்ரி அங்கே பாரிசுக்கு மகளிடம் வருகிறா, அவவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மாக்கஸுக்கு ஈரல் பழுதாகிவிட்டது, இனி ஒரு வாய்கூடக் குடிக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர், அண்ணை ஈஸ்டருக்கு வாறார், அவருக்கு நானே பியர் செய்யப்போறன், நான் தொடமாட்டன், கைக்கு ஒரு வேலை வேணும் என்று நின்றார். குடிகாரனுக்கு உதுவோ வேலை என்று சண்டை பிடித்தேன். இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் பார்த்துத் தலையாட்டிவிட்டேன்.

பேஸ்மென்டில் பெரிய வாளி வைத்தார். மூடியில் இருந்த குழாய் குமிழி விட்டபடி இருந்தது. வீடெல்லாம் பேக்கரி மாதிரிப் பாண் மணம். குமிழி நின்றதும், முடிஞ்சுதுதானே, போத்தலில் அடையுங்கோவன் என்றேன். குமிழியை நம்பேலாது, அவசரப்பட்டு அடைச்சால் போத்தல் வெடிக்கும், மிதவை விட்டுத்தான் பாக்கவேணும் என்றார். அது உண்மைதான். வாளியிலிருந்து உயரமான கிளாசில் கொஞ்சம் பிடித்து, கண்ணாடி மிதவையை விட வேண்டும். சீனி மதுவாக மாற மாற அது தாழும். சில நாட்கள் ஒரே கோட்டில் நின்றால் நொதிப்பு முடிந்துவிட்டது. பார்த்ததைத் திருப்பி ஊற்றினால் முழுவதும் பழுதாகுமாம். பார்த்ததைப் பாத்திரம் கழுவுற சிங்க்கில் ஊற்றுகிறார் என்று நினைத்தேன். என்ர புத்தியைப் பாருங்கோ.

ஒவ்வொரு நாளும் பார்ப்பார். பிறகு காலையும் மாலையும். இன்னும் முடியேல்லை, நாளைக்கும் பாக்கவேணும் என்பார்.

அவர் கிளினிக்குக்குப் போயிருந்தபோது நானே இறங்கிப் பார்த்தேன். வாளியில் மட்டம் குறையவேயில்லை. நெஞ்சு ஆறியது. மிதவையை விட்டேன். அது வெறும் தண்ணீரில் நிற்கிற கோட்டுக்கே தாழ்ந்துவிட்டது. பியர் செய்யிற சாமான் வாங்கிய கடைக்காரரிடம் கேட்டேன். இந்த வகை பியர் தானாக இவ்வளவு தாழாது, யாரோ தண்ணீர் கலக்கிறார்கள் என்றார். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கிளாஸ் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

பார்க்கப் பிடித்ததையெல்லாம் குடித்ததைவிட, அதை எனக்கு மறைக்க வாளியில் தண்ணீர் ஊற்றியதுதான் வயிற்றை எரிக்கிறது, அத்தான். மிச்சத்தைக் கொட்டினால் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். கேட்டால் கோபித்துக்கொண்டு டொக்டரிடமும் வரமாட்டார். கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. வயிறு வீங்கி, இடுப்பில் சறத்தை இறுக்கிக் கட்ட முடியவில்லை. நேற்று என்னை யாரென்று தெரியாமல் அம்மா என்று கூப்பிட்டார்.

அவர் பயப்படுவது உங்களுக்கு மட்டும்தான். ஒருக்கால் போன் எடுங்கோ. ஏசவேண்டாம், இந்தக் கடிதத்தைப் பற்றியும் மூச்சு விடவேண்டாம். எனக்கெண்டு செய்த பியரைப் போத்தலில் அடைச்சாச்சோ என்று மட்டும் கேளுங்கோ. ஓம் என்றால் நீங்கள் ஈஸ்டருக்கே வரலாம். இன்னும் முடியேல்லை என்றால் குடி நிற்கவில்லை, ஈஸ்டர் வரைக்கும் பார்த்திருக்காதேயுங்கோ.

மடு மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தம்பி உங்களை யாரென்று அடையாளம் காணும் நிலையில் இருக்கும்போதே சேர்க்கட்டும்.

உங்களை நம்பியிருக்கும்,
நிரோஷினி