ஹந்தானை உச்சியிலிருந்து தெரிந்தவை

இஞ்சரும், உம்மைத்தான்,

இன்று காலை மகள் என் கால்களுக்குச் சவர்க்காரம் பூசினாள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் தொட்டு, சிவப்புக் கட்டியை அழுத்தித் தேய்த்து, நுரை காய்ந்த பிறகு காலுறையை இழுத்துவிட்டாள். மலையில் அட்டை ஏறாமலிருக்க நீர் எனக்குச் செய்கிற அதே வேலை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் கண்ணைத் துடைத்தேன். "கண்ணுல பட்டுருச்சாப்பா?" என்று கேட்டாள். கால் எங்கே, கண் எங்கே? அவளும் உம்மைப் போலத்தான், தெரிந்துகொண்டே கேட்பாள்.

பிள்ளைகளை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நேற்றுப் பின்னேரமே வத்தேகமையிலிருந்து வந்துவிட்டாள். நான்தான் வரச் சொன்னேன். நீர் கண்மூடிய பிறகு நான் கால் வைத்த இடங்கள் கடையும் கோயிலும்தான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை நேரே நிற்கிறதே, என்ன செய்வது? அந்த உச்சிக்குப் போய் வந்து நீர் எனக்குச் சொன்ன கதைகள் கொஞ்சமா? நீர் பார்த்ததை என் கண்ணாலும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. முழங்கால் இன்றைக்குச் சொல்வழி கேட்கிறது. அடுத்த வருடம் கேட்குமோ தெரியாது.

வங்கியில் மாற்றலாகிக் கண்டிக்கு வரும்வரை நான் மலையைக் கண்டவனில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் கீரிமலை என்று ஒன்று உண்டு. அங்கே போனால் கடல்தான் இருக்கும். அப்படிப்பட்டவனுக்கு, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கே மலை ஏறி இறங்கிப் போன நீர் வந்து வாய்த்தீர். கலியாணமான புதிதில் நான் 'வாரும், இரும்' என்று கூப்பிட்டால் உமக்குச் சிரிப்பு தாங்காது. "கோயில்ல சாமிய கூப்பிடுற மாதிரி இருக்குங்க" என்பீர். அந்த 'நீர்' என் வாயிலிருந்து கடைசிவரை போகவில்லை, இப்போதும் போகவில்லை, பாரும்.

முதல் பௌர்ணமிப் போயா விடுமுறைக்கே, "ஏங்க, ஹந்தானைக்குப் போவோமா?" என்று கேட்டீர். அன்றைக்கு உம்முடைய அம்மா நம் வீட்டுக்கு வந்திருந்தார். தோட்டத்தில் கொழுந்தெடுத்துக் காய்த்துப்போன கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "லீவு நாள்லயும் மலைக்கா? ஏந்தம்பி, அங்க போனா பேரு போடுவாங்களா?" என்றார். பேர் போடுவது என்றால் ஒரு நாள் சம்பளம் எழுதுவது என்று நீர் பிறகு விளக்கியபோதுதான் நானும் சிரித்தேன். அவருக்கு மலை என்றால் வேலை. எனக்கு மலை என்றால் பயம். நடுவில் நீர் ஒருத்திதான் சும்மா ஏறினீர்.

தேயிலைக்குள்ளாலும் பைனஸ் மரங்களுக்குள்ளாலும் நான் நன்றாகத்தான் நடப்பேன், அதை நீரே ஒப்புக்கொள்வீர். மானாப்புல் தொடங்கியதும் பேச்சுக் குறையும். பாதை மேலே வளைகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய கல். அந்த வளைவுக்கு அப்பால் ஒடுங்கிய முகடு, இரண்டு பக்கமும் பள்ளம், அது முடிகிற இடத்தில் உச்சி. முதல் நாள் வளைவால் எட்டிப் பார்த்தபோதே எனக்குத் தலை சுற்றிவிட்டது. திரும்பி வந்து அந்தக் கல்லில் குந்தினேன். அதன் பிறகு எத்தனை வருடம், அதுதான் என் உச்சி.

"வாங்க, நான் கையப் புடிச்சுக்கிறேன்" என்பீர்.

"விழுந்தால் ரெண்டு பேரும் விழவேணும். நீர் போயிட்டு வாரும், நான் தேத்தண்ணியோடை இருக்கிறன்."

நீர் சிரித்துக்கொண்டு வளைவில் மறைவீர். மகள் நடக்கத் தொடங்கிய பிறகு அவளும் உம் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போவாள். வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் இறங்கி வருவீர்கள். நான் ஊற்றி மூடி வைத்த தேத்தண்ணியைக் குடித்தபடி நீர் சொல்லத் தொடங்குவீர். கண்டி வாவி முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிக் கிடந்தது, பேராதனை ரயில் பாலத்தில் கோச்சி ஒன்று கம்பளைப் பக்கம் ஊர்ந்துகொண்டு போனது, பெட்டிகளை மகள் எண்ணினாள், சிவனொளிபாதமலை தலையை மட்டும் காட்டியது. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். திங்கட்கிழமை வங்கியில் போய், நானே பார்த்தது போல மற்றவர்களுக்கும் சொல்வேன்.

போரில் யாழ்ப்பாணப் பாதை மூடிக் கிடந்த காலத்தில் ஒரு நாள் எனக்கு நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அம்மா எப்படி இருக்கிறா என்று ஒரு துண்டுக் கடிதமும் வரவில்லை. அன்றைக்கு நான் உம்மோடு ஏறினேனே தவிர தேத்தண்ணியைக்கூட ஊற்றவில்லை. நீர் வளைவால் இறங்கி வந்து என் பக்கத்தில் இருந்தீர்.

"இன்னைக்கு வடக்குப் பக்கம் நல்லா வெளிச்சிருந்துச்சு. உங்க ஊரு தெரிஞ்சுச்சுங்க."

"விசர்க்கதை கதையாதையும்."

"நெசமாத்தான். அத்தை முத்தத்துல மொளகா காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பச்சச் சீல."

"மெலிஞ்சு போனாவோ?" என்று கேட்டேன்.

"இல்லங்க. அப்படியேதான் இருக்காங்க."

ஹந்தானையிலிருந்து யாழ்ப்பாணம் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? என்றாலும் அன்றைக்குத்தான் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மகள் முன்னால் நடந்தாள். என் கல்லடியில் அவள் பிளாஸ்க்கை எடுத்து வைக்கப் பார்த்தாள். "அதை எடு பிள்ளை. இண்டைக்கு மேலை போவம்" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னோடு வளைவுவரை வந்தாள். அங்கே பாதையோரத்தில் மானாப்புல்லுக்குள் மறைந்தபடி ஒரு தட்டைக் கல் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவிக்காதீங்க. அம்மா மேல போனதே இல்ல."

எனக்கு விளங்கவில்லை.

"இந்தக் கல்லுலதான் ஒக்காந்திருப்பாங்க. நான் கூட வந்த நாள்லயும் இங்கதான் இருப்போம். முறுக்கு திம்போம்."

"பின்னை வாவி? கோச்சி?"

"ரெண்டு பேரும் யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் எறங்கி வருவோம். கோச்சி நான் சொன்னது."

ஏன் என்று நான் கேட்கும் முன்னமே அவளே சொன்னாள். "நீங்க இல்லாம மேல போக அம்மாவுக்கு மனசு வரல. போகலன்னு தெரிஞ்சா, 'என்னாலைதானே நிக்கிறீர், இனி நான் வரேல்லை, நீர் போம்'னு வீட்டுலயே இருந்துருவீங்களாம். நீங்க கூட நடந்து வரணும், அம்மாவுக்கு அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் மறைக்கவேணும்? பொய் சொன்ன பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கிற டீச்சர் நீர். சொந்தப் புருசனுக்கு வருடக்கணக்காகப் பொய் அவித்திருக்கிறீர், கூட ஒரு குழந்தையையும் பழக்கியிருக்கிறீர். நான் வங்கி முழுக்க அந்தக் கோச்சியை ஓட்டியிருக்கிறேன். பொத்தென்று அந்தக் கல்லில் இருந்தேன்.

"இங்கயிருந்து பாருங்க" என்று மகள் மானாப்புல்லை விலக்கினாள்.

கீழே என் கல் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கிட்ட.

"நீங்க பிளாஸ்க்கத் தொறந்து ஊத்துவீங்க. மோந்து பாப்பீங்க. மூடி வச்சிட்டு திரும்பவும் தொறப்பீங்க. அம்மா வாயப் பொத்திக்கிட்டு சிரிப்பாங்க. வாவியெல்லாம் நாங்க கடைசில, எறங்குறப்பதான் யோசிக்கிறது."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் அழுதேன். உமக்குச் சொல்ல என்ன வெட்கம்? மகளும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திரும்பிப் போவோமாப்பா?" என்று கேட்டாள். நான் முகட்டைப் பார்த்தேன். என்னால் நீர் போகாமல் விட்ட இடம். நானும் போகாவிட்டால் அங்கே என்ன இருக்கிறதென்று நம் இரண்டு பேருக்கும் தெரியாமலே போய்விடும்.

போனேன். நடந்து போனேன் என்று சொல்லமாட்டேன், பாதித் தூரம் குந்தியபடியே அரக்கி அரக்கித்தான் போனேன். மகள் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எதிரே வந்த பொடியன்கள் இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளைகள்.

இனி நீர் கேளும். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உச்சி சின்ன இடம், நீர் சமைத்த நம்முடைய குசினி அளவுதான். காற்று காதை அடைக்கிறது. பாறையில் யார் யாரோ தங்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். பிஸ்கற் உறைகள் கிடந்தன, பொறுக்கிப் பையில் போட்டேன். வாவி தெரிகிறது, ஆனால் ஒரு மூலை மட்டும், நிறமும் கொஞ்சம் மங்கல். பேராதனைப் பக்கத்து ஆறு மரங்களுக்கிடையில் தெரிந்து தெரிந்து மறைகிறது. கோச்சி வரவில்லை, மகளுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. சிவனொளிபாதமலைப் பக்கம் முழுக்க முகில். வடக்குப் பக்கமும் நிறைய நேரம் பார்த்தேன், மலைக்குப் பின்னால் மலை, அதற்கு மேல் முகில். நீர் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது.

பிறகு மெல்லக் கீழே பார்த்தேன். தலை சுற்றியது, என்றாலும் பார்த்தேன். முகட்டின் அந்த முனையில், வளைவோடு, நீர் இருந்த தட்டைக் கல். காற்றுக்குப் புல் சாய்கிறபோதெல்லாம் தெரிந்தது. மகள் என் தோளைத் தொட்டாள்.

"அப்பா, மத்தப் பக்கமும் பாருங்க. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துட்டு."

"பாத்திட்டன் பிள்ளை" என்றேன்.

இறங்கும்போது, அடுத்த போயாவுக்கும் வருவோமா என்று கேட்டாள். வருவம் என்றேன். ஆனால் அந்தத் தட்டைக் கல் வரைக்கும்தான். நீர் இல்லாமல் மேலே போக எனக்கும் மனம் வரவில்லை.