அம்மா என்று பெயரிட்ட ஃபோல்டர்

முடிச்சூர்,
7-12-2008.

அன்பு மகன் ஜோஸ்வினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் இன்று காலையும் என்னையும் அப்பாவையும் சுகமாக எழுப்பிவிட்டார், அங்கே எட்மண்டனில் உன்னையும் ஜெரூஷாவையும் பாப்பாவையும் அப்படியே எழுப்பிக் குளிருக்கு இழுத்துப் போர்த்தியும் விட்டிருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். மெயில் போடாமல் இவள் ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம், உன் மேலும்தான். நீ லீவில் வந்தபோது மேஜைக்கு அடியில் ஒரு சர்வர் பெட்டியை வைத்துவிட்டு, இனி எங்கள் போட்டோ எல்லாம் இதில் வந்து விழும் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அது படுத்து எழுந்துவிட்டது. எழுந்தது நல்ல செய்திதான். ஆனால் அதற்கு வைத்தியம் பார்க்கப் போய் எனக்குத் தெரியவந்த விஷயம் நல்லதாக இல்லை, அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதத்து அடைமழை விட்ட பிறகு ஒரு நாள் பாப்பாவின் படத்தைத் திறந்தால் நெற்றிவரைக்கும் பாப்பா, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அப்பாவைக் கூப்பிட்டேன். உன் அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, கண்ணாடியைத் தொடச்சிட்டுப் பாரு புஷ்பம் என்றார். என்னிடம் கணக்குப் படித்த ரவி குரோம்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானே, அவனுக்குப் போன் பண்ணி வரவழைத்தேன். வந்தவன் உட்காருவதற்கு முன்பே, டிஸ்க்கு அவுட்டு டீச்சர், வேற போட்டுக்கலாம் என்றான். அது எப்படியப்பா, காலையில் கெட்டுப்போன படம் அணைத்துப் போட்டால் சாயந்திரம் நன்றாக இருக்கிறது, நன்றாக இருந்தது மறுநாள் கெட்டுப்போகிறது, புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால் எப்போது திறந்தாலும் கிழிந்துதானே இருக்கும் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அப்ப மெமரிதான் மக்கர் பண்ணிகினு கீது போல என்று சொல்லி ஒரு சிடியைப் போட்டுச் சோதனை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள், நான் திருத்திய பரீட்சைப் பேப்பர் மாதிரி. உள்ளே இருந்த இரண்டு மெமரி பட்டைகளில் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. டிஸ்க்கில் இருப்பது சரியாகத்தான் இருந்திருக்கிறது, எடுத்துக் காட்டும்போதுதான் தப்பு. ஆனால் அந்தப் பட்டை கெட்ட பிறகு நீ அனுப்பிய படங்கள் எழுதும்போதே தப்பாக எழுதப்பட்டுவிட்டன. இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன், ஒன்று போனால் இன்னொன்று என்று பெருமையடித்தாயே, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவன் தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவான் என்பது உனக்குத் தெரியாதா, இரண்டிலும் ஒரே தப்பு.

கெட்ட பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரவி சொன்னான், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று பெட்டி வைத்திருக்கும் கணக்கும் குழம்பியிருக்கிறது, அதைச் சரிபார்க்க விடவேண்டும், விட்டால் சிலது காணாமல் போகலாம், அதனால் முக்கியமானதை முதலில் வெளியே எடுத்துவிடலாம், ஆனால் கையில் இருக்கிற சின்ன டிஸ்க்கில் இடம் கொஞ்சம்தான், எது முதலில் வேண்டும் டீச்சர் என்றான். நான் யோசிக்கவே இல்லை. அம்மா என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதல்லவா, அதுதான் முதலில் என்றேன். நான் அதைத் திறந்து பார்த்ததே கிடையாது. 2005 மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பமெல்லாம் ஊறிப்போனபோது நீதானே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்து ஸ்கேன் எடுத்தாய், என் கல்யாணப் படம், உன் ஞானஸ்நானப் படம், நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நிற்கிற படம். அதையெல்லாம் பிள்ளை என் பெயரைப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அந்தப் பெயரைத் திரையில் பார்ப்பேன், பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

ரவி திறந்தான். பிரசவம் பார்க்க அங்கே வந்திருந்த உன் மாமியார் பியூலா பனியில் நிற்கிறாள். உன் மாமியார் பியூலா உன் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அடுப்படியில் பியூலா, ஆஸ்பத்திரியில் பியூலா, காரில் முன் சீட்டில் பியூலா. ஒரு படத்தில் நீ தரையில் மண்டியிட்டு அவள் பூட்ஸுக்குக் கயிறு கட்டிவிடுகிறாய். எனக்கு நீ ஒரு நாள் செருப்பை எடுத்துக் கொடுத்திருப்பாயா ஜோஸ்வின்? அப்படியானால் என்னுடையதெல்லாம் எங்கேயப்பா என்று ரவியைக் கேட்டேன். அவன் தேடித் தேடிக் கடைசியில் ஒன்றைத் திறந்தான், எல்லாம் அதில்தான் இருந்தன. அதற்கு நீ போட்டிருந்த பெயர் பழசு. பேர் போட்டது ஜெரூஷா, அவளுக்கு அவள் அம்மா என்று நீ சமாதானம் சொல்வாய். சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பெட்டி என் வீட்டில் இருக்கிறது, அதைத் தினமும் துடைக்கிறவள் நான், கரன்ட் போனால் ஓடிப்போய் அணைக்கிறவளும் நான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பியூலா தனியாக இருக்கிற படமெல்லாம் வேண்டாம், பாப்பா இருக்கிறதை மட்டும் எடு, மீதி இடத்தில் பழசைப் போடு என்று ரவியிடம் சொல்லிவிட்டேன். அவன் பார்த்துவிட்டு, அது முடியாது டீச்சர், பாப்பா கீற படத்துல எல்லாம் அவங்களும் கீறாங்க என்றான். நானும் பார்த்தேன். குளிப்பாட்டும் கை அவளுடையது, தொட்டிலுக்குப் பின்னால் தெரிகிற புடவை அவளுடையது, பாப்பா முதன்முதலாகக் குப்புற விழுந்த படத்தில்கூட ஓரத்தில் அவள் வளையல். பேத்தியை எடுத்தால் கூடவே அவளும் வருகிறாள். ரவி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டிஸ்க்கில் இருந்த சினிமாவை எல்லாம் அழித்து இடம் பண்ணி இரண்டையுமே எடுத்துவிட்டான். பழசில் ஒன்றுகூடக் கெடவில்லை. அம்மாவில்தான் கடைசியாக வந்தவை பாதி கெட்டிருந்தன, அந்தக் கோட்டுப் படத்தில் உன் மாமியாருக்கு மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி மறுநாளே அவள் கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்துவிட்டாள், என் படமெல்லாம் போயிடுச்சா சம்பந்தி என்று கேட்டுக்கொண்டே. காண்பித்தேன். அந்தப் பூட்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, ஆறு மாசம் இந்த ஜன்னலையும் கதவையும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன், தனியா வெளியே காலெடுத்து வைக்கப் பயம், ஜோஸ்வின் தம்பிதான் சாயந்திரம் வந்து வாங்கம்மா வாங்கம்மான்னு கூட்டிட்டுப் போகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்தது எனக்குத் தெரிந்தது, ஆனால் காதில் விழுந்தது அந்த வாங்கம்மா மட்டும்தான். மாமியாரை அத்தை என்று கூப்பிட நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? அவளுக்குக் காபி கொடுத்தேன், முறுக்கும் கொடுத்தேன், முகம் கோணாமல்தான் கொடுத்தேன், அப்பாவைக் கேட்டுப்பார். அவள் போன பிறகு அவர், பெத்தவ இடத்தை யாரால பிடுங்க முடியும் என்றார். பிடுங்க வேண்டியதில்லை, பிள்ளையே எடுத்துக் கொடுத்தால்? முன்பெல்லாம் ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் உன் போன் அடித்துக்கொண்டிருக்கும். இந்தப் பெட்டி வந்ததிலிருந்து, போட்டோ போட்டிருக்கேன் பாரும்மா என்று ஒரு வரி எஸ்எம்எஸ், அதோடு சரி. ஜெரூஷா தன் அம்மாவிடம் தினம் பேசுகிறாள், பாப்பாவுக்குப் பல் முளைத்ததை நான் கோவிலம்பாக்கத்துக்காரி சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறீர்கள், ஒருவர் அவளுக்கு என்றால் ஒருவர் எனக்கு வேண்டாமா? கர்த்தர் பாப்பாவைக் கொடுத்தது உங்களைப் பெற்ற இரண்டு அம்மாக்களுக்கும்தானே.

கெட்டுப்போன படங்களை அங்கிருந்து திரும்ப அனுப்பினால் போதும் என்கிறான் ரவி. அனுப்பு, உன் மாமியாருடையதையும் அனுப்பு, அவள் அழுததைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கழுத்துக்குக் கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதே, ஜெரூஷாவை வேலை வேலை என்று அலையவிடாதே, ராத்திரி ஜெபத்தை விட்டுவிடாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பார், பாப்பாவின் தலைமேல் அவர் கரம் எப்போதும் இருக்கும். மறக்காமல் ஒன்று. ரவியிடம் சொல்லிப் பெயர்களை மாற்றிவிட்டேன். பழசு என்பது இப்போது புஷ்பம், மற்றது அத்தை. இனி நீ அங்கிருந்து அம்மா என்ற இடத்துக்குப் படம் அனுப்பினால் போகாதாம், அப்படி ஓர் இடமே இல்லை என்று பெட்டி சொல்லுமாம். சொல்லட்டும். அது எங்கே போயிற்று என்று கேட்கவாவது எனக்குப் போன் பண்ணுவாய்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
புஷ்பம் ஐசக்.