பூஜ்யத்தில் நின்ற ஆயில் மீட்டர்

மரக்காணம்
6.3.2005

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா கலியன் எழுதுவது.

நீ சுகமா, வயிற்றில் இருக்கும் பிள்ளை சுகமா, மாப்பிள்ளை சுகமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளையின் கையை உடைத்தவனே மாப்பிள்ளை சுகமா என்று எப்படிக் கேட்பது என்பதை அவர் சொல்லித்தரவில்லை. அது ஒன்பதாம் வகுப்புப் பாடமாக இருக்கும். நான்தான் போகவில்லையே.

பூத்திலிருந்து ஐந்து தரம் போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பக்கத்தையும் கேள். திங்கட்கிழமை உப்பு ஏற்றிக்கொண்டு உப்பளக் கரைமேல் நம் லாரி வருகிறது. மாப்பிள்ளை வேல்முருகன் ஓட்டுகிறார், நான் பக்கத்தில். பார்த்தால் ஆயில் மீட்டரில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. பிரஷரே இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். அடிக்கோட்டுக்குக் கீழே இருந்தது ஆயில். ஞாயிற்றுக்கிழமைதான் புது டின் உடைத்து ஊற்றியதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அப்படியானால் அந்த ஆயில் எங்கே போனது? நான் குடிக்கவில்லை. டின்னை வெளியே விற்றுவிட்டீரா என்று கேட்டால், "முள்ளு பொய் சொல்லுது மாமா, முதல்ல மீட்டரைப் பாருங்க" என்று சிரிக்கிறார். இருபத்தாறு வருஷத்து லாரியும் முப்பது வருஷத்து டிரைவரும் சேர்ந்து நிற்கும்போது, நேற்று முளைத்த பிள்ளை சிரித்தால் கை சும்மா இருக்குமா? கையில் ஜாக்கி ராடு இருந்தது. மயில் இறகு இருந்திருந்தால் மயில் இறகால் அடித்திருப்பேன்.

நானும் முழுசாகத் திரும்பவில்லை. உப்புக்கூடை தூக்குகிற பாஞ்சாலை என் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உப்புப் பாத்தியில் வீசினாள். குப்புற விழுந்தேன். ஊறுகாய் மாங்காய் என்ன பாடுபடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடும்போது தட்டுதான் பேசுகிறது.

சரி, கோபம் இருக்கட்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு உன்னை இங்கே கூட்டிவர வேண்டும். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். நாள் பார்த்து எழுதுகிறேன்.

அப்பா,
கலியன்

*

இடையஞ்சாவடி
10.3.2005

அப்பாவுக்கு சத்யப்ரியா எழுதுவது.

வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இனி ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் அடுத்த மாதம் வரச் சொன்னார். முன்பல் இரண்டு போய்விட்டது. உதடு தைத்திருக்கிறது. கஞ்சிதான் இறங்குகிறது, அதுவும் ஓரமாக.

இவருடைய தம்பி பாலகுரு கொடுவாளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அந்தாளு கையை வாங்காம விடமாட்டேன் அண்ணி" என்கிறான். நான் கொடுவாளை எடுத்துத் தவிட்டு மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். மாதமாக இருக்கிறவள் செய்கிற வேலையா இது?

கீழே இருப்பது நான் எழுத விரும்பாதது. இதை எழுதினால்தான் கஞ்சி குடிப்பேன் என்கிறார். இவர் வாயில் வருவதை அப்படியே எழுதுகிறேன்:

"இன்ஜினைப் பிரிக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லு. ஆயில் கம்பியை மட்டமான தரையில, வண்டியை நிறுத்தி கால் மணி கழிச்சிப் பாக்கட்டும். ஆயில் நிஜமாவே சுத்தலன்னா இன்ஜின் கத்தும், பத்து கிலோமீட்டர்ல இறுகிப் பிடிச்சிடும். நம்ம வண்டி ஒரு சத்தமும் போடல. டிசம்பர்ல கடல் உள்ள வந்தப்ப இன்ஜின் பாதி வரைக்கும் தண்ணியில நின்னுச்சி. மீட்டருக்குப் போற ஒயரைப் பாக்கச் சொல்லு. அப்புறம் வேற நல்ல மீட்டர் ஒண்ணை நேரா இன்ஜின்லயே மாட்டிப் பாக்கச் சொல்லு. அது வரைக்கும் ஸ்பேனரைத் தொட வேணாம்."

அடித்தவருடைய இன்ஜின்மேல் இவருக்கு என்ன இத்தனை அக்கறை என்று எனக்குப் புரியவில்லை. எழுதிவிட்டேன்.

சத்யப்ரியா

*

மரக்காணம்
17.3.2005

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். அடி வாங்கியவர் சொல்வதைக் கேட்டால் அடித்தவன் முட்டாள் என்று ஆகிவிடும். அதனால் மறுநாளே லாரியைத் திண்டிவனத்துக்கு ஓட்டிப்போய் மெக்கானிக் தட்சணாமூர்த்தியிடம் கொடுத்து இன்ஜினைப் பிரித்துவிட்டேன். இப்போது முட்டாள் என்பதற்கு ரசீதே இருக்கிறது.

இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை இறக்கிப் பார்த்தான். பேரிங் எல்லாம் புதுசு மாதிரி மின்னுகிறது. ஆயில் பம்பைக் கழற்றினான், அதுவும் நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்று என்றேன். மாட்டி ஸ்டார்ட் செய்தால் முள் அப்படியே படுத்துக் கிடக்கிறது. தட்சணாமூர்த்தி, "உங்க மாப்பிள்ளை சொன்ன மாதிரி மீட்டரைப் பாத்துடலாம்ணே" என்றான். சத்தியமாக அவனை நான் அடிக்கவில்லை. ஸ்பேனரை எறிந்தேன், அவ்வளவுதான். அது அவன் காதுக்குப் பக்கமாகப் போய் ரேடியோவில் பட்டது. நல்ல பாட்டு ஒன்று பாதியில் நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை உன் மச்சினன் பாலகுரு வந்தான். கொடுவாளை நீ ஒளித்துவைத்ததால் கடப்பாரையோடு வந்தான். லாரியின் முன்கண்ணாடி போச்சு. எனக்கு விலா எலும்பு மூன்று போச்சு. தும்மினால் சிவபெருமான் தெரிகிறார். நானும் விடவில்லை, அவன் காதைக் கடித்துவிட்டேன், நாலு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தாறு வயதிலும் கலியனுக்குப் பல் கெட்டியாக இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடிக்கு அடி ஆயிற்று. இனி என்ன கோபம்? ஏப்ரல் பத்து, ஞாயிற்றுக்கிழமை, நாள் நன்றாக இருக்கிறது. வளையல்காரரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

அப்பா,
கலியன்

*

இடையஞ்சாவடி
22.3.2005

அப்பாவுக்கு,

உங்கள் பல் கெட்டியாக இருப்பதை இவரிடம் படித்துக் காட்டவில்லை.

பாலகுரு செய்ததும் தப்பு. அவனுக்கு நான் மூன்று நாள் சோறு போடவில்லை. ஆனால் அடிக்கு அடி ஆயிற்று என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிபடவில்லை. அவன் உங்களை அடித்ததால் இவர் கை சேர்ந்துவிட்டதா?

உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோது ஊறுகாய் மாங்காய் வரும் இடத்தில் நான் சிரித்துவிட்டேன். இவர் எதிரில் உட்கார்ந்து கஞ்சி வழிந்த உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகும் வாய் மூட ஒரு நிமிஷம் ஆனது. அன்றைக்கு என்மேலேயே எனக்குப் பயம் வந்தது.

எனக்குப் பத்து வயதில் அம்மாவின் நெற்றியில் தோசைக் கரண்டியால் சுட்டுவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தவர்களிடம், "கல்லுல இடம் இல்ல, அதான் அவ நெத்தியிலயும் ஒண்ணு ஊத்திட்டேன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேன். அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஜோக்தான் ஞாபகம் வருகிறதே தவிர, அவளுக்கு எப்படி வலித்திருக்கும் என்பது வருவதில்லை. இத்தனை வருஷமும் அப்படித்தான்.

ஒரு கடிதம் எழுதுங்கள். ஜோக் இல்லாமல். முதலில் இவர் சொன்னபடி மீட்டரைச் சோதித்துப் பாருங்கள். ஆயிலை இவர் விற்றிருந்தால் நானே வந்து உங்கள் காலில் விழுகிறேன். விற்கவில்லை என்றால், அந்தத் திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சாப்பாட்டுக் கேரியரோடு நான் அங்கேதான் நின்றேன். எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா என்று நான் பார்க்க வேண்டும். அதைப் படித்த பிறகுதான் பிரசவத்துக்கு வருவேனா மாட்டேனா என்று சொல்வேன்.

சத்யப்ரியா

*

மரக்காணம்
29.3.2005

சத்யப்ரியாவுக்கு,

நேற்று தட்சணாமூர்த்தி வேறு மீட்டர் கொண்டுவந்து நேராக இன்ஜினில் மாட்டினான். சூடாகும்வரை ஓடவிட்டோம். முள் இருபதில் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் நாற்பத்தைந்துக்கு ஏறியது. பிரஷர் சரியாக இருக்கிறது. பழைய மீட்டருக்குப் போகும் ஒயரைத் தொட்டேன். முனை பச்சையாகப் பூத்து, கையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளை சொன்னதுதான்.

அந்தத் திங்கட்கிழமை நடந்தது.

நான் கேள்வி கேட்டுவிட்டு அடித்ததாக எழுதினேன். இல்லை. அடித்துவிட்டுத்தான் கேட்டேன். ராடும் கையில் இருந்ததாக எழுதினேன். சீட்டுக்குப் பின்னால் இருந்தது. போய் எடுத்து வந்தேன். முதல் அடி வாயில் விழுந்தது. அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். இரண்டாவது அடி அந்தக் கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் "மாமா" என்றார். விழுந்தார். நீ கேரியரைப் போட்டாய். ரசம் மண்ணில் ஓடியது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது முறை முதுகில் அடித்தேன். அடுத்து தலைக்கு ஓங்கினேன். பாஞ்சாலை பிடித்தாள். அவள் பிடிக்காவிட்டால் தலையில்தான் போட்டிருப்பேன்.

வண்டி சரிவில் நின்றால், அதுவும் அணைத்த உடனே பார்த்தால், கம்பியில் ஆயில் குறைவாகத்தான் தெரியும். முப்பது வருஷ டிரைவருக்கு அது தெரியாதா? அன்றைக்கும் தெரியும். அவர் திருடவில்லை என்று ராடை எடுக்கும்போதே தெரியும்.

அன்று காலையில் உப்பள முதலாளி, "நீ போய் நிழல்ல உக்காரு கலியா, நான் வேல்முருகன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். லோடு ஏற்றும் பெண்கள் சிரித்தார்கள். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நீ நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அவளுடைய அண்ணன் வீட்டுக்கு, பெருமுக்கலுக்கு, ஒரு நாள் போய்வரட்டுமா என்று கேட்டாள். இரண்டாவது தரம் கேட்டாள். கரண்டி அடுப்பின்மேல் இருந்தது. சூடாக இருக்கிறது என்று தெரிந்துதான் எடுத்தேன். வைத்து அழுத்தினேன்.

இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். சிரிக்க வைக்க எழுதியது. வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

மாப்பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இதையே படித்துக் காட்டு.

இதைத் தபாலில் போடப் பயமாக இருக்கிறது. பிரித்துப் படித்துவிடுவார்கள். நாளைக்கு உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே. சாயங்காலப் பஸ்ஸில் அவளைத் திருப்பி அனுப்பிவிடு. பத்தாம் தேதிக்கு வருகிறாயா இல்லையா என்பதை அவளிடம் சொல்லியனுப்பு.

கலியன்

*

இடையஞ்சாவடி
31.3.2005

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று அம்மா எதிரிலேயே சத்தமாகப் படித்தேன். இவரும் கேட்டார். முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிறகு, "ஒயரை மாத்துறப்ப அது மாட்டுற மீட்டர் யூனிட்டும் புதுசா போட்டுடச் சொல்லு" என்றார்.

நான் பார்த்தபடியேதான் எழுதியிருக்கிறீர்கள். முதுகில் இரண்டு அடி. ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இப்படி எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிகிறது. பத்தாம் தேதி வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல வாய் திறந்தேன்.

அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கரண்டி வரும் இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"சூடா இருக்குன்னு தெரிஞ்சிதான் எடுத்தேன்னு எழுதியிருக்காரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அழுத்தினேன்னு?"

"ஆமாம்."

"கோவத்துல கையில கிடைச்சதை வீசிட்டாரு, தெரியாம பட்டுடுச்சின்னுதான் நான் இத்தினி வருஷமா நினைச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அழவில்லை. எழுந்து போய்க் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலப் பஸ்ஸுக்காக பாலகுரு ஆட்டோ கூட்டிவந்தான். ஆட்டோக்காரன் வாசலில் இரண்டு தரம் ஹாரன் அடித்தான். அம்மா இவருக்குக் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "அத்தே, நேரமாகுதுங்க" என்றார் இவர். "உங்களுக்கு என் சமையல் காரமா இருக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டாள். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

வளைகாப்பு இங்கேயே. பிரசவமும் இங்கேயே. அம்மா பார்த்துக்கொள்கிறாள். நீங்கள் வர வேண்டாம். குழந்தை பிறந்ததும் தகவல் எழுதுகிறேன்.

அம்மாவின் புடவைகளைப் பாஞ்சாலையிடம் கொடுத்தனுப்புங்கள். நாலைந்து போதுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டு எழுது என்றாள்.

சத்யப்ரியா