எண்ணெய்க் கோட்டுக்குள் இரண்டு வீரர்கள்

அசோஜ் 24

‘கொம்பு ரெண்டு’ இன்றும் ஹவுஸ்ஃபுல். காத்மாண்டு முழுக்க என் தம்பிகளின் மூஞ்சிதான். கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய் உட்கார்ந்தேன். கடைசிச் சண்டையில் அண்ணனும் தம்பியும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று ஒரு லாரி ரவுடிகளைத் துவைக்கிறார்கள். பக்கத்து சீட் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, “பெத்தா இப்படி ரெண்டு பெத்துக்கணும்” என்றாள். எனக்குப் பாப்கார்ன் புரையேறியது.

படத்துக்கு மேக்கப் நான்தான். பெரியவன் சுயோக் நடித்த அன்று பின்னால் நின்ற முதுகு டூப்புடையது. சின்னவன் பிரவேஷ் நடித்த அன்றும் அதே டூப். போன படத்துப் போஸ்டரில் யார் பெயர் முதலில் என்று ஆரம்பித்த தகராறு. இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தம்பிகளுக்கு இருக்கிற மாதிரி டூப்பின் கழுத்தில் மச்சம் வைத்த பாவி நானே.

அசோஜ் 29

டிவி பேட்டி. “என் உயிரே இவன்தாங்க” என்றான் சுயோக். பிரவேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கிளிசரின் என் பெட்டியிலிருந்து போனது. முடிந்ததும் ஒருத்தன் லிஃப்டில் இறங்கினான், ஒருத்தன் படிக்கட்டில்.

கார்த்திக் 1

பாய் டீக்கா வருகிறது, அக்கா தம்பிகளுக்குப் பொட்டு வைக்கிற பண்டிகை நாள். தனித்தனியாகப் போன்.

“அக்கா, எனக்கு முதல்ல வெச்சு அனுப்பிடு. அவன் மூஞ்சில முழிக்க முடியாது.” இது பெரியவன்.

“அவன் கிளம்பினதும் ஒரு மிஸ்டு கால் குடுக்கா.” இது சின்னவன்.

போன வருடம் அப்படித்தான் செய்தேன். எமன் நெருங்கக் கூடாதென்று தம்பிகளைச் சுற்றி ஊற்றும் எண்ணெய்க் கோட்டை இரண்டு தடவை போட்டேன். அம்மா அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு நாள்தானே? அதையும் ஷிஃப்ட் போட்டு நடத்தணுமா? வயிறு எரியுது. இந்த வருஷம் ஒரே கோடு. உள்ளே ரெண்டு பேரும் உட்காரணும். இல்லைன்னா எவனுக்கும் டீக்கா கிடையாது — சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் போனை வைத்துவிட்டார்கள்.

கார்த்திக் 3

பண்டிகையின் இரண்டாம் நாள், இன்று நாய்களுக்கு டீக்கா. எங்கள் தெரு நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைத்தேன். யார் பெயர் முதலில் என்று அது கேட்கவில்லை.

கார்த்திக் 5

தயாரிப்பாளர் போன் செய்தார். நாளை கேமரா வருமாம், இரண்டாம் பாகத்துக்கு விளம்பரமாம். இரண்டு உத்தமர்களும் உடனே சரி என்றார்களாம். அக்கா கூப்பிட்டால் வராதவர்கள், கேமரா கூப்பிட்டால் வருகிறார்கள். வரட்டும்.

கார்த்திக் 6

வந்தார்கள், பல்லைக் காட்டிக்கொண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணெய்க் கோடு போட்டேன். பிறகு கேமராக்காரர்களை செல்ரொட்டி தின்ன மாடிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வாசலில் அக்ரூட் உடைத்து, டீக்கா வைத்து முடிக்கும்வரை கோட்டுக்குள் இருப்பவன் எழுந்திருக்கக் கூடாது. தாண்டினால் எமனுக்கு வழி விட்ட மாதிரி.

“அக்ரூட் தீர்ந்துபோச்சுடா. கடைக்கு ஆள் அனுப்பியிருக்கேன்” என்றேன். அக்ரூட் என் முந்தானை முடிச்சில் இருந்தது.

படத்தில் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தவன்கள், விரல் அகல எண்ணெயைத் தாண்டப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்கள். எனக்கு அவசரமில்லை. பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தேன்.

“காலு மரத்துப்போச்சு” என்றான் பிரவேஷ், சுவரிடம்.

“நீட்டு. என் மடிமேல போடு. வெளிய போகாம பாத்துக்கோ” என்றான் சுயோக். “சின்னதுலயும் இதே கூத்துதான். எமன் வந்துடுவான்னு அழுதது நீதானே?”

“அழுதது நீதாண்ணா.”

அண்ணா. இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த சொல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கிளிசரின் இல்லாமலே. முந்தானையை அவிழ்த்து அக்ரூட்டை எடுத்தேன்.

“அடிப்பாவி அக்கா” என்றார்கள் இரண்டு பேரும்.

பாகுன் 12

இரண்டாம் பாகம். மறுபடியும் முதுகோடு முதுகு. டூப் காலையிலேயே வந்து, மச்சம் வைக்கக் கழுத்தை நீட்டினார். வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று தம்பிகளே சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, அண்ணன் ரொம்பச் சாயறான்” என்று பிரவேஷ் கத்த, “நீ நேரா நில்லுடா எருமை” என்று சுயோக் கத்த, டேக் மேல் டேக் வீணாகிறது. தயாரிப்பாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மேக்கப் பெட்டியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.