சந்தனம் பட்டுப் பூட்டிய பெட்டி

அச்சன்புதூர்
14.10.2024

அன்புத் தம்பி சுபாஷுக்கு,

அக்கா அனுசியா எழுதுவது. நானும் அத்தானும் சுகம். அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் எப்போதும் கவலை. கம்பெனி விஷயத்தைப் போனில் பேசாதே, அது ஆபீஸ் போன் என்று நீ சொன்னதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உங்கள் கம்பெனிக் குளிர் அறை நின்றுபோய் மூன்று நாளாகிறது. வெயிலில் ஓடும் அறை, எலுமிச்சை மாதக்கணக்கில் கெடாது, இனிப் புளியங்குடி மண்டியில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டாம் என்று நீதானே எங்கள் மகளிர் குழுவை வாங்க வைத்தாய்?

ஆயுத பூஜையன்று எங்கள் குழு முப்பிடாதியம்மாள் அதன் கன்ட்ரோல் பெட்டியைத் துடைத்து, சந்தனத்தைக் கரைத்துத் தாராளமாகப் பூசிக் குங்குமம் வைத்தாள். சந்தனத் தண்ணீர் மூடி இடுக்கில் இறங்கிவிட்டது. மறுநாள் பெட்டியின் திரையில் சிவப்பு எழுத்து: மூடியை யாரோ திறந்துவிட்டார்களாம், பெட்டி பூட்டப்பட்டதாம். கம்பெனிக்கு எழுதினோம். தப்பு எங்களுடையது, புதுப் பெட்டி வர எட்டு வாரமாகும் என்று பதில் வந்தது. உள்ளே இருபத்திரண்டு வீட்டு எலுமிச்சை கிடக்கிறது.

"எந்திரத்துக்குச் சந்தனம் வைக்கது குத்தமா? வைக்காம விட்டாத்தானம்மா குத்தம்" என்று அந்த அம்மாள் அழுகிறாள். ஏதாவது செய்லே.

உன் அக்கா,
அனுசியா


ஹாம்பர்க்
27.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. உறைக்குள் நீ மடித்து வைத்த திருநீறு மேசையெல்லாம் கொட்டியது. பூசிக்கொண்டேன்.

தெரியாதவர்கள் திறந்து கெடுத்துவிடக் கூடாது, வேறு கம்பெனிக்காரர்கள் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. சந்தனத்தைப் பற்றி இங்கே யாருக்குத் தெரியும்?

இதோடு ஒட்டிய சீட்டுக்குள் எட்டு எண்கள் இருக்கின்றன. திரையில் அழுத்தினால் பூட்டுத் திறந்துவிடும். உன் பெட்டிக்கு மட்டும்தான் அது பொருந்தும். யாருக்கும் தெரிய வேண்டாம், அத்தானுக்குக்கூட. தெரிந்தால் என் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடு.

உன் தம்பி,
சுபாஷ்


அச்சன்புதூர்
10.11.2024

அன்புத் தம்பிக்கு,

உன் சீட்டைப் பிரிக்காமல் இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கோபித்துக்கொள்ளாதே. ஆயுத பூஜை அச்சன்புதூருக்கு மட்டுமா வருகிறது? மேலகரத்தில் ஒரு பெட்டி, புளியங்குடியில் இரண்டு பெட்டி, எல்லாவற்றுக்கும் அதே நாளில் அதே சந்தனம், அதே சிவப்பு எழுத்து. அங்கே இருக்கிறவர்களுக்கு ஹாம்பர்க்கில் தம்பி இல்லை. என் அறை மட்டும் ஓட, அவர்கள் அழுகலை அள்ளிக் கொட்டுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எங்களுடையதையும் ஓடையோரம் கொட்டிவிட்டோம். நாலு நாள் நாற்றம் போகவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறதே, 'வளரும் நாடுகளுக்காக' என்று? வளருகிறவன் கையில் ஸ்பேனர் மட்டும் இருக்கக் கூடாது போலிருக்கிறது.

உன் அத்தான்தான் முதலில் ஆரம்பித்தார். "பட்டாளத்துல பத்து டன் வண்டியவே பிரிச்சு மாட்டுனோம். இந்தப் பெட்டிக்கு என்னத்துக்குப் பயப்படுதிய?" என்றார். மேலகரத்தில் இன்வெர்ட்டர் பழுது பார்க்கும் ஜோஷ்வாவைக் கூட்டிவந்தோம். அவன் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டான். உங்கள் பெட்டியை ஒதுக்கிவிட்டு, தென்காசிக் கடைகளில் கிடைக்கிற சாமான்களை வைத்தே புதிதாக ஒன்று செய்தான். அறை ஓடுகிறது.

எதை எதோடு இணைப்பது என்று நானே ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். நகலெடுத்து மண்டிச் சுவரில் ஒட்டியாயிற்று. ஜோஷ்வா இன்டர்நெட்டிலும் போட்டிருக்கிறான். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம்.

உன் அக்கா,
அனுசியா


ஹாம்பர்க்
02.12.2024

அக்கா,

அந்தப் படம் எங்கள் மீட்டிங்கில் திரை முழுக்க வந்தது. உன் கையெழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். படத்தில் ஊர்ப் பெயர் இருந்ததால், அச்சன்புதூர் உன் ஊர்ப்பக்கம்தானே, யார் இது என்று என்னைக் கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வக்கீல் நோட்டீஸ் தயாராகிறது.

சுவரிலிருந்து கிழித்துவிடு. இன்டர்நெட்டிலிருந்தும் எடுக்கச் சொல். உன் காலில் விழுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பூட்டுக்கான புரோகிராமை எழுதியது நான்தான். ஏழு மாத உழைப்பு. அதற்காகத்தான் எனக்குப் பதவி உயர்வே கிடைத்தது. போன வருஷம் நான் போன் பண்ணிச் சொன்னபோது நீ தெருவெல்லாம் அல்வா கொடுத்தாய்.

சுபாஷ்


அச்சன்புதூர்
04.01.2025

தம்பி சுபாஷுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் கொடுத்த அல்வாவை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முப்பிடாதியம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். "பூட்டு செஞ்ச பயலுக்குத் தொறக்கவும் தெரியும்லா? மனசு வைக்கணும், அவ்ளோதான்" என்றாள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

படத்தைக் கிழிக்க மாட்டேன். கென்யாவிலிருந்து ஜோஷ்வாவுக்கு ஒரு மெயில் வந்தது. அங்கே மாம்பழம் விற்கிற பெண்கள் குழு. அவர்கள் பெட்டிக்குள் எறும்பு போய்ப் பூட்டிவிட்டதாம். எங்கள் படத்தைப் பார்த்துச் செய்து, அறை ஓடுகிறது என்று போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் எப்படி அதைக் கிழிப்பேன்?

உனக்காக ஒன்று செய்தேன். ஊரில் யாரென்று உன்னை இனி யாரும் கேட்கத் தேவையில்லை. படத்தின் அடியில் என் முழுப் பெயர், கதவு எண், தெரு எல்லாம் எழுதிவிட்டேன். நோட்டீஸ் வரட்டும், வாங்கிக்கொள்கிறேன். உன் வேலை போனால் நான் அழுவேன், அது வேறு. ஆனாலும் படம் சுவரில்தான் இருக்கும்.

அனுசியா


ஹாம்பர்க்
10.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படத்தை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது.

மேகம் மறைக்கும்போது கம்ப்ரசர் நிற்கும், வெயில் வந்ததும் உடனே ஓடும். பங்குனி வெயிலில் ஒன்றும் ஆகாது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் அங்கே வரை அடிக்கும். நிமிஷத்துக்கு ஒரு வெயில், நிமிஷத்துக்கு ஒரு தூறல். நின்று நின்று ஓடினால் ஒரே வாரத்தில் எரிந்துவிடும். ஒரு தடவை நின்றால் ஐந்து நிமிஷம் கழித்துத்தான் ஓட வேண்டும். அதற்கான சாமான் தென்காசியிலேயே கிடைக்கும். திருத்திய படத்தை இணைத்திருக்கிறேன். மண்டிச் சுவரில் பழையதை எடுத்துவிட்டு இதை ஒட்டு. கென்யாவுக்கும் உடனே அனுப்பச் சொல்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது, எந்தப் பெட்டியானாலும் எப்படித் திறப்பது என்று இன்னொரு பக்கமும் இருக்கிறது. அடியில் உன் பெயருக்குக் கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன், பூட்டை எழுதியவன் என்று சேர்த்தே. முப்பிடாதியம்மாளிடம் காட்டு.

இது தபாலில் வரவில்லை என்று கவனித்திருப்பாய். என் ஆபீஸ் மெயிலிலிருந்தே ஜோஷ்வாவுக்கு அனுப்புகிறேன், அவன் அச்செடுத்துத் தருவான். இங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பதால் மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி போயிருக்கிறது.

அநேகமாக அடுத்த மாதம் ஊரில் இருப்பேன். எனக்கும் ஒரு ஸ்பேனர் எடுத்து வை.

உன் தம்பி,
சுபாஷ்