துர்காவின் தாளில் நான் போட்ட டிக்குகள்

திருத்தணி,
ஆவணி மாசம், செவ்வாக்கெழம.

என் கண்ணு குணசேகரனுக்கு அம்மா எழுதறது. தணிகைமலையான் புண்ணியத்துல நானும் ஒன் நைனாவும் தங்கச்சி துர்காவும் சொகமா இருக்கோம். நீ தோஹா வெயில்ல வேளைக்கு சாப்ட்டு சொகமா இருக்கியான்னு எழுது. இத்த போன்லயே சொல்லலாம், ஆனா வீடியோவுல ஒன் மூஞ்சியப் பாத்துகினு என் லட்சணத்த சொல்ல வெக்கமா இருக்குது. ஒன் சிநேகிதன் கௌதமன் அங்க வரானாம், விபூதியோட இதையும் குடுத்து அனுப்பறேன், படிச்சிட்டு தனியா சிரிச்சிக்கோ.

நம்ம துர்காவோட எட்டாங்கிளாசுக்கு வாரத்துல ரெண்டு நாளு புவனான்னு ஒரு டீச்சர் வராங்க, இவளாட்டம் மெதுவா கத்துக்கற புள்ளைங்களுக்குன்னே படிச்சவங்க. எல்லாருக்கும் இருக்கற பாடத்தையே துர்கா அளவுக்கு வெட்டித் தெச்சுக் குடுக்கறேன், மத்தவங்க பூகோளம் படிக்கசொல்ல இவ நம்ம ஊரு வழிய படிக்கட்டும்னாங்க. அளவெடுக்கறதுக்கு ஒரு தாளு குடுத்து, வீட்ல அவ எத எத தனியா செய்யறான்னு பாத்து டிக்கு போடுங்கன்னாங்க. மொத்தம் இருபத்திரண்டு வரி. ஒங்கம்மா எங்க பாத்தா? பரிட்சன்னு நெனச்சிகினா. அஞ்சாவதுல கணக்குல பதினோரு மார்க்கு வாங்கனவ கையில பேனா கெடச்சா சும்மா இருப்பாளா? சாமி படத்துக்கு முன்னால ஒக்காந்து முருகா முருகான்னு இருபத்திரண்டுக்கும் டிக்கு போட்டேன். சட்ட பட்டன் போடுவா, டிக்கு. ரோடு தாண்டுவா, டிக்கு. வழி தெரியும், டிக்கு. ஒன் நைனா எட்டிப் பாத்து, "ஏம்மே, பட்டன தெனம் நீதானே போட்டு உடற"ன்னாரு. "இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி போடுவா, முருகன் பாத்துப்பான், நீ போய் கடையத் தொற"ன்னேன். பொய்யில சாமிய வேற கூட்டு சேத்துகினேன் பாரு.

அந்த டீச்சரம்மா பாவம், என் தாள நம்பி அடுத்த பாடத்த வெச்சாங்க. பள்ளிக்கூடத்துலர்ந்து அடிவாரத்துல இருக்கற நம்ம பூஜ சாமான் கடைக்கு துர்காவே நடந்து வரணும், டீச்சர் கொஞ்சம் பின்னால வருவாங்க. நடுவுல ஆந்திராவுலர்ந்து ரெண்டு பஸ்ஸு ஜனம் எறங்கிச்சி, துர்கா கண்ணுக்குத் தெரியாம பூட்டா. ஒன்ற மணி நேரம்டா கண்ணு. செருப்பு கூட போடாம தெருத்தெருவா கத்திகினு ஓடனேன். கடசீல சரவணப் பொய்கையாண்ட, மொட்டையடிச்சு சந்தனம் பூசன ஒரு குடும்பத்துக்கு நடுவுல ஒக்காந்து புளியோதர சாப்ட்டுகினு இருக்கறா! அந்தம்மா தெலுங்குல "மீ பாப்பேனா"ன்னாங்க, ஆங், எம் பொண்ணுதான்னு அழுதேன். இவ என்னப் பாத்து, "அம்மா, மொட்ட"ன்னு சிரிக்கறா.

மறுநாளு பெரிய சார் சிவப்பிரகாசம் என்னையும் டீச்சரையும் கூப்ட்டாரு. "இனிமே தனிப் பாடமும் வேணாம், ஒண்ணும் வேணாம், பொண்ணு கடைசி பெஞ்சில பத்திரமா ஒக்காந்திருந்தா போதும்"னு டீச்சர புடிச்சி வையறாரு. அந்த டீச்சர் பொண்ணு தலைய குனிஞ்சிகினு நிக்குது, ஒரு வார்த்த என்னக் காட்டிக் குடுக்கல. நான் பக்தி சிரோன்மணி, ஃபேனப் பாத்துகினு இருக்கறேன். சார் என் தாள எடுத்து படிச்சாரு. "சைக்கிள் ஓட்டுவாள், டிக்கு. வீட்ல சைக்கிள் இருக்குதாமா?" இல்லீங்க சார்னேன். அதுக்கு மேல ஃபேனப் பாக்க முடியல. அதுல ஒரு வரி கூட பாத்து எழுதல சார், டீச்சர வையாதீங்க, என்ன வையுங்கன்னேன். தாராளமா வஞ்சாரு. அப்பறம், ஒரு மாசம் பாக்கறேன், புது தாள்ல நெசத்த எழுதுங்கன்னாரு.

நெசத்த எழுதறது எவ்ளோ கஷ்டம்னு அன்னிக்கிதான் தெரிஞ்சிது. பத்து நாளு வாயக் கட்டிகினு அவளையே பாத்தேன். இல்ல, இல்ல, இல்லன்னு பத்தொம்பது எடத்துல எழுதனேன், கண்ணுல தண்ணி. தாளு அடியில ‘இதுல இல்லாதது வேற ஏதாவது’ன்னு காலியா ஒரு வரி, அத்த அப்படியே உட்டுட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு கடையில கூட்டம், நான் ஒருத்தருக்கு அர்ச்சன தட்ட குடுத்தேன், துர்கா ஓடியாந்து அவரு சட்டைய புடிச்சி இழுக்கறா. இன்னாடின்னு பாத்தா, தட்டுல கற்பூரம் இல்ல! அன்னிக்கு பூரா பாத்தேன். தேங்கா, ரெண்டு பழம், வெத்தல, ஊதுவத்தி, கற்பூரம், அவ வெச்ச ஒரு தட்டுலயும் கொற இல்ல. இருவது வருஷமா கட வெச்சிருக்கற நான் மூணு தட்டுல கோட்ட உட்டேன். அந்தக் காலி வரியில எழுதிட்டேன். டீச்சர் இப்ப பாடத்த தட்டுலர்ந்து ஆரம்பிக்கறாங்க, ஒரு தட்டுக்கு ரெண்டு பழம்னா மூணு தட்டுக்கு எத்தனன்னு. மேல் பட்டன் ஒண்ண அவளே போட்றா, அதுக்கு டிக்கு பாதிதான் போட்டேன்.

இன்னும் ஒரு வரி பாக்கி. ‘போனில் அண்ணன் பெயரைத் தானே சொல்வாள்.’ இத்தினி வருஷமா அவ பின்னால நின்னுகினு குணாண்ணான்னு சொல்லு, குணாண்ணான்னு சொல்லுன்னு நான்தானே ஓதிகினு இருந்தேன்? இந்த ஞாயித்துக்கெழம நீ கூப்புடு. நான் முந்தானைய வாயில அடைச்சிகினு தள்ளி ஒக்காந்துக்கறேன். அவளுக்கு நேரமாவும்டா, நீ அவசரப்பட்டு போன வெச்சிடாத.

விபூதிய தெனம் பூசிக்கோ, தண்ணி நெறய குடி. தணிகைமலையான் உன்னக் கண்ணுக்குள்ள வெச்சு காக்கணும். ஞாயித்துக்கெழம, மறந்துடாத.

பேனாவ அளவா எடுக்கக் கத்துகினு இருக்கற
ஒன் அம்மா
கன்னியம்மாள்