மொதலாளி கடை மேல பச்சைப் பொட்டு

கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து லயத்து மகாராணி மூக்காயிக்கு, பதுளையிலருந்து ஒன் புருஷன் பழனியாண்டி எழுதுறது. முழங்கால் வலி கொறைஞ்சிருச்சா? எனக்கு ஒரு கொறையும் இல்ல, நீ திட்டுறது இங்க வரைக்கும் கேக்காததால.

ஒரு சின்ன விசயம், பயப்படாத. டவுன அழகாக்க சனங்ககிட்ட யோசனை கேக்குறோம்னு நகரசபை ஆபீஸ்காரங்க கூட்டம் போட்டாங்க. மேசையில டவுன் படத்த விரிச்சு, மரமும் பெஞ்சும் எங்க வேணுமோ அங்க ஒட்டச் சொல்லி ஆளுக்கொரு பச்சைப் பொட்டு குடுத்தாங்க. நான் வெளையாட்டுக்கு நம்ம ஸலீம் மொதலாளி கடை மேலயே ஒட்டினேன்.

"என்ன பழனியாண்டி, வேலை நேரத்துல தூங்குறது போதாம பெஞ்சும் வேணுமா?"ன்னு அவரும் சிரிச்சாரு.

பின்னால வந்த சனம், கெழவன் வெவரத்தோடதான் ஒட்டியிருக்கான்னு நெனச்சு எல்லாம் அங்கயே ஒட்டிருச்சு. "சனங்க விருப்பம் இதுதான்"னு ஆபீஸ் ஐயா படத்தச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டாரு. கடைய இடிச்சுட்டு அங்க மரமும் பெஞ்சும் வைக்கப் போறாங்களாம். அன்னையிலருந்து மொதலாளி சிரிக்கிறதில்ல. எனக்கும் சோறு எறங்கல. கடை போனா எனக்கு வேலையும் இல்ல, படுக்க எடமும் இல்ல.

புதன்கிழமை மறுபடி கூட்டம். வேணாம்கிறவங்க செவப்புப் பொட்டு ஒட்டலாமாம், டவுனுக்கு வந்து போறவங்களும் ஒட்டலாமாம். லயத்துல நாலு பேரக் கூட்டிக்கிட்டு வா. என் கம்பளிச் சட்டையும், நீ இடிச்ச மொளகாத்தூளும் கொண்டா. ராத்திரி குளிருது, பேசவும் ஆளில்ல.

மொதலாளி கூப்பிடுறாரு, முடிக்கிறேன். முழங்கால் வலின்னு வராம இருந்திராத. கடை போச்சுன்னா நான் அங்கதான் வந்து கெடப்பேன், அப்புறம் என் கொறட்டைய நீதான் கேக்கணும்.

பழனியாண்டி